அப்பாவின் கைகால் விறைப்பும் ‘நோர்மல்’ ரிப்போர்ட்டும்

வெல்லாவெளியில் 25 வருடம் வயலுக்குப் பூச்சிமருந்தடித்த அப்பாவுக்குக் கைகால் விறைப்பு, மறதி. கோலினெஸ்டரேஸ் (சில பூச்சிமருந்துகள் பட்டால் குறையும் நொதி) இரத்தப் பரிசோதனை நோர்மல், அப்படியென்றால் மருந்தால் வந்ததில்லையா என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த ரிப்போர்ட்டை வைத்து இல்லை என்று சொல்ல முடியாது தம்பி. அது அண்மையில் உடம்பில் பட்டதைத்தான் காட்டும். செங்குருதிக் கலங்கள் சுமார் 120 நாளில் புதுசாகிவிடும், அதோடு அவற்றிலுள்ள அந்த நொதியின் அளவும் பழையபடி வந்துவிடும். அப்பா மருந்தடிப்பதை விட்டே 6 வருடம் என்கிறீர்களே!

1991 வளைகுடாப் போருக்குப் போன அமெரிக்க வீரர்களுக்கும் இதே சிக்கல்தான். பூச்சிமருந்து யார்மீது எவ்வளவு பட்டது என்று அப்போது யாரும் அளந்து வைக்கவில்லை. பிறகு அவர்களிடமே கேட்டுத்தான் கணக்குப் பார்த்தார்கள்.

நீங்களும் அப்பாவோடு இருந்து எழுதுங்கள். என்ன மருந்து (பழைய போத்தல் கிடந்தால் படமெடுங்கள்), ஒரு போகத்துக்கு எத்தனை தடவை, டாங்கி முதுகில் ஒழுகியதா, அடித்த அன்று சத்தி, தலைச்சுற்று, கண்மங்கல் வந்ததா, வார்ட்டில் வைத்தார்களா. கடைசிக் கேள்விதான் முக்கியம். பழைய கிளினிக் கொப்பியையும் தேடுங்கள்.

அதற்கு முதல் சீனி (நீரிழிவு), பி12, தைரொயிட் பாருங்கள். நம்ம பக்கத்தில் விறைப்புக்குச் சீனியும் ஒரு பெரிய காரணம். அப்புறம் நரம்புக் கடத்தல் பரிசோதனை (நரம்பு வழியே சைகை சரியாகப் போகிறதா என்று பார்ப்பது) தேவையா என்று நரம்பியல் டொக்டரிடம் கேளுங்கள்.