கற்றல் குறைபாடு, அதாவது படிக்க, எழுத, கணக்குப் போட ரொம்ப சிரமப்படறது, உள்ள புள்ளைங்க குடும்பத்துக்கு உதவுற தன்னார்வலர்னா யாரு? டாக்டர், டீச்சர் இருக்கறப்ப இவங்க எதுக்கு?

பெரும்பாலும் அதே மாதிரி புள்ளய வளர்த்த ஒரு அம்மாவோ அப்பாவோதான். காசு வாங்காம, புதுசா இதுல வந்து நிக்கற குடும்பத்துக்குக் கூட நிக்கறவங்க.

காரணம் என்னன்னா, டாக்டர் ரிப்போர்ட் குடுத்துடுவாரு, ஆனா அத கையில வச்சுகிட்டு வீட்டுக்கு வந்ததும்தான் பயமே ஆரம்பிக்கும். அம்மாபேட்டைல ஒரு அம்மா மகனோட தமிழ் நோட்ட விரிச்சுக் காட்டுனாங்க, 'பல்'னு எழுதச் சொன்னா புள்ளி இல்லாம 'பல'ன்னு இருக்கு, பக்கம் பூரா செவப்பு மை. சோம்பேறினு அடிச்சுட்டேங்கனு அழுதாங்க. பக்கத்துல இருந்த தன்னார்வலர் அக்கா, எம் பையனும் இப்படித்தான் எழுதுனான் கண்ணுன்னாங்க, அப்பத்தான் அழுகை நின்னுச்சு. அத வேற யாரு சொல்லியும் பிரயோஜனமில்ல.

ஏற்காடு மலைல 20 கொண்டை ஊசி வளைவு இருக்குல்ல, மொதல் தடவ வண்டி ஓட்டறவனுக்குப் பக்கத்துல, பலதடவ ஏறுனவரு உக்காந்து "ஹாரன் அடி, செகண்ட் கியர் போடு"ன்னா எப்படி இருக்கும்? ஸ்டியரிங் உங்க கையிலதான், தைரியம் அவரு.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகைல கற்றல் குறைபாடும் ஒண்ணு, பரீட்சைல கூடுதல் நேரம் கேக்கலாங்கறதே நெறைய வீட்டுக்குத் தெரியாது, அதையும் இவங்கதான் எடுத்துச் சொல்றாங்க.

நெறைய பேரு இவங்கள டியூசன் டீச்சர்னு நெனச்சுக்கறாங்க, அது இல்லைங்க, குறைபாடு இருக்கா இல்லையானு சொல்றதும் இவங்க வேலை இல்ல, அத உளவியல் நிபுணர் டெஸ்ட் பண்ணித்தான் சொல்லணும்.