விரிவுரையாளருக்கு வழிகாட்டி எதற்கு? மலையகத்திலிருந்து ஒரு பதில்

செயலமர்வுகள் நடந்துகொண்டிருக்கும்போது மின்வழிக் கற்பித்தலுக்கும், மாணவரே யோசித்துப் பேசிச் செய்து கற்கும் செயலூக்கக் கற்றலுக்கும் என்று விரிவுரையாளர்களுக்குத் தனியே வழிகாட்டிகள் எதற்கு, அந்தப் பொறுப்பு தரப்பட்ட ஒருவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கையின் மலையகத்தில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் புள்ளிவிபரவியல் கற்பிப்பவன் நான். புதிதாக நியமனம் பெற்று வரும் விரிவுரையாளர்கள் சிலருக்கு இந்த வேலையைச் செய்தும் வருகிறேன். அந்த அளவில் என் பதில் இது.

செயலமர்வு வீண் என்று சொல்ல வரவில்லை. தகுதிகாண் காலத்தில் உள்ள விரிவுரையாளர் பதவியில் உறுதிப்படுத்தப்படுவதற்கு முன் கற்பித்தல் பயிற்சிநெறி ஒன்றை முடித்தாக வேண்டும் என்பது நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் உள்ள நடைமுறை. கற்றல் பேறுகளை எழுதுவது, மதிப்பீட்டைத் திட்டமிடுவது, மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் வினாத்தொடர் அமைப்பது எல்லாம் அங்கே முறையாகவே சொல்லித் தரப்படுகின்றன. மூடில் 2002இல் வெளிவந்த மென்பொருள். அதன் அடிப்படையை ஒரு பிற்பகலில் பழகிக்கொள்ளலாம். ஆனால் செயலமர்வில் காட்டப்பட்ட உதாரணம் வேறு பாடத்துக்குரியது, வேறு வகுப்புக்குரியது. அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் நிரம்பிய மண்டபத்தில், தன்னுடைய பாடத்தின் குறிப்பிட்ட ஒரு மணிநேரத்தை எப்படி மாற்றியமைப்பது என்ற கேள்வியுடன் விரிவுரையாளர் தனியாகத்தான் நிற்கிறார். பெரும்பாலானோர் அந்த இடத்தில் பழைய சிலைடுகளையே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு மணிநேரத்தை அவரோடு சேர்ந்து திட்டமிட்டு, அது நடக்கும்போது பின்வரிசையில் அமர்ந்திருந்து, முடிந்த பின் பேசுவதற்கு ஒருவர் வேண்டும் என்பதாலேயே வழிகாட்டி தேவைப்படுகிறார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். முதலாம் வருட மாணவர்களுக்கு இடையையும் (சராசரி) இடையத்தையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) கற்பிக்க வேண்டியிருந்த இளம் விரிவுரையாளர் ஒருவரும் நானும் சேர்ந்து ஒரு கேள்வியைத் தயாரித்தோம். ஐந்து பேர் பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை 16, 17, 18, 19, 20 கிலோ. கணக்கப்பிள்ளை கடைசி எண்ணை 200 என்று தவறாகப் பதிந்துவிட்டால் எது மாறும், இடையா, இடையமா, இரண்டுமா? இடை 18இலிருந்து 54க்குத் தாவும், இடையம் 18இலேயே நிற்கும். வரைவிலக்கணத்தை மனப்பாடம் செய்தவர்களும் இதில் தடுமாறுவார்கள் என்பதாலேயே இதைத் தேர்ந்தெடுத்தோம். ஹார்வர்டில் பௌதிகவியல் கற்பித்த எரிக் மசூர் 1990களில் பரப்பிய முறை இதற்கு அப்படியே பொருந்துகிறது. முதலில் மாணவர் தனியாக யோசித்து வாக்களிக்க வேண்டும். சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து மீண்டும் வாக்களிக்க வேண்டும். அதற்குப் பிறகே விரிவுரையாளரின் விளக்கம். கைப்பேசி இருந்தால் இணையத்தில் வாக்கெடுக்கலாம், இல்லாவிட்டால் நெஞ்சுக்கு நேரே விரல்களைக் காட்டினாலும் போதும்.

வகுப்பு முடிந்த பின் நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். "கேள்வியைப் போட்ட பிறகு எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தீங்க?" "பத்து செக்கனாவது இருந்திருப்பேன் சேர்." என் குறிப்பில் இரண்டு செக்கன் என்று இருந்தது. கேள்வியைப் போட்டார், மண்டபம் அமைதியானது, உடனே தானே விளக்கத் தொடங்கிவிட்டார். இது அவருடைய குறை என்று நான் கருதவில்லை. அமெரிக்கப் பாடசாலைகளின் விஞ்ஞான வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார்கள் என்று 1970களிலேயே எழுதியிருக்கிறார். முன்னால் நிற்பவருக்கு மௌனம் நீண்டுதான் தெரியும். பின்னால் இருந்து மணிக்கூட்டைப் பார்ப்பவருக்கே அது எவ்வளவு குறுகியது என்று புரியும். எந்தச் செயலமர்வும் இதைக் காட்டித் தர முடியாது.

இனி, வழிகாட்டி மிகவும் தேவைப்படும் கட்டத்துக்கு வருகிறேன். செயலூக்கக் கற்றல் பயன் தருகிறது என்பதற்குச் சான்று போதுமான அளவு உண்டு. 2014இல் ஸ்கொட் ஃப்ரீமனும் மற்றவர்களும் விஞ்ஞான, பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வழமையான விரிவுரை வகுப்புகளில் சித்தியடையாதோர் ஏறத்தாழ 34 சதவீதமாகவும் செயலூக்க வகுப்புகளில் ஏறத்தாழ 22 சதவீதமாகவும் இருந்தனர். ஆனால் ஹார்வர்டில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான இன்னோர் ஆய்வு இதைவிடச் சுவாரசியமானது. செயலூக்க வகுப்பில் இருந்த மாணவர்கள் சோதனையில் கூடிய புள்ளி பெற்றார்கள். ஆனாலும் தாங்கள் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். தெளிவான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றும், தானே முட்டிமோதும்போது அப்படித் தோன்றாது. இதன் விளைவு பருவ இறுதியில் மாணவர் நிரப்பித் தரும் பின்னூட்டப் படிவத்தில் தெரியும். "சேர் பாடம் நடத்துவதில்லை, எங்களையே பேசச் சொல்கிறார்" என்ற ஒரு வரி போதும், இளம் விரிவுரையாளர் பயந்துபோய் அடுத்த வருடம் பழைய முறைக்குத் திரும்பிவிடுவார். அந்தப் படிவத்தையும் பரீட்சைப் புள்ளிகளையும் அருகருகே வைத்து அவரோடு நிதானமாகப் பேசுவது வழிகாட்டியின் வேலைகளில் மிக முக்கியமானது என்பேன்.

மின்வழிப் பக்கத்தில் நம் பிரதேசத்துக்கென்றே சில விடயங்கள் உள்ளன. 2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் ஊடாக ஸூம் வசதி கிடைத்தது, பல்கலைக்கழகத் தளங்களுக்கு இலவச டேட்டாவும் வந்தது. ஆனால் டேட்டா இலவசம் என்றாலும் பள்ளத்தாக்கில் உள்ள லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) சிக்னல் வர வேண்டுமே. தோட்டத்து வீட்டில் ஒரே கைப்பேசியைத் தம்பியும் தங்கையும் பாடசாலை வேலைக்காகப் பகிர்ந்துகொண்ட நிலையில் இரண்டு மணிநேர நேரலை வகுப்பு யாருக்கு எட்டும்? ஆகவே விரிவுரையாளர் காணொளி ஒன்றைக் காட்டும்போது நான் முதலில் அதன் அளவைக் கேட்பேன். பத்து நிமிடத்துக்கு உட்பட்ட துண்டுகளாக அதை வெட்டலாமா, குரல் பதிவும் இரண்டு பக்கக் குறிப்பும் போதுமா, வளாகத்தில் வைஃபை இருக்கும்போதே மூடில் செயலியில் பதிவிறக்கி வீட்டில் இணையமின்றிப் பார்க்கும்படி கொடுக்கலாமா என்று சேர்ந்து பார்ப்போம். (தொண்ணூறு சிலைடுகளைப் பிடிஎஃப் ஆக்கித் தளத்தில் போட்டுவிட்டு மின்வழிக் கற்பித்தல் என்று அறிக்கை எழுதுவோர் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் வாதாடுவதில்லை.)

உள்ளூர் வழிகாட்டி தேவைப்படுவதற்கு மொழியும் ஒரு காரணம். நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டங்கள் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களாகக் கொள்ளப்படுபவை. உயர்தரத்தைத் தமிழ் மொழிமூலம் முடித்துவிட்டு ஆங்கில மொழிமூல விரிவுரைக்குள் நுழையும் பிள்ளை, விடை தெரிந்தாலும் வாய் திறக்காது. பக்கத்தில் இருப்பவரோடு தமிழிலோ சிங்களத்திலோ பேசிக்கொள்ளட்டும், கடைசி விடையை மட்டும் ஆங்கிலத்தில் எழுதட்டும் என்று விட்டால் மண்டபம் கலகலக்கும். செயலமர்வு நடத்த வெளியிலிருந்து வரும் வளவாளருக்கு இது தோன்றாமல் போகலாம். உள்ளூர் வழிகாட்டி சொல்லிக்கொடுக்கலாம்.

தொடங்கும் முறை பற்றிக் கேட்டீர்கள். முதல் பருவத்தில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அவரும் தானாக விரும்பி வந்தவராக இருக்கட்டும். அவருடைய பாடத்தின் பழைய விடைத்தாள்களைப் புரட்டி, மாணவர் வருடாவருடம் சறுக்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த ஒரு மணிநேரத்தை மட்டும் மாற்றுங்கள். வகுப்பில் நீங்கள் எடுக்கும் குறிப்புகள் அவருக்கு மட்டுமே உரியவை, பதவியுயர்வுக் கோப்புக்கோ துறைத் தலைவருக்கோ போகாது என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்களைப் பரிசோதகராகவே பார்ப்பார். நீங்கள் செலவிடும் மணித்தியாலங்கள் உங்கள் வேலைப்பளுவில் கணக்கிடப்படுமா என்பதையும் பொறுப்பை ஏற்பதற்கு முன்னரே துறைக் கூட்டத்தில் கேட்டுக் கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள்.