மிச்சமிருக்கும் ஊசிக் குப்பியைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்ததும், 'இளமையை மீட்கும் பெப்டைடு சிகிச்சை' என்று விளம்பரம் செய்த கோவை கிளினிக் ஒன்றில் சேர்த்துவிட்டேன். உடம்பின் சொந்த வளர்ச்சி ஹார்மோனைத்தான் தூண்டுகிறோம், பக்கவிளைவே கிடையாது என்றார்கள். ஆறு மாதத்துக்கு 1,85,000 ரூபாயை என் வங்கிக் கணக்கிலிருந்து கட்டினேன். மூன்றாம் மாதம் அப்பாவுக்கு விரல்கள் மரத்துப்போயின, கணுக்கால் வீங்கியது, சர்க்கரையும் ஏறிவிட்டது. பணத்தைக் கேட்டால், "ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறது, திருப்பித் தர முடியாது" என்றார்கள். இப்போது, வீட்டில் மீதியிருக்கும் குப்பிகளைக் கொண்டுவந்தால் பாதிப் பணம் தருகிறார்களாம். குப்பியில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கிறது. வாங்கிக்கொள்ளலாமா? அப்பா, "வெளியே தெரிந்தால் அசிங்கம், விட்டுவிடு" என்கிறார்.
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. பாதிப் பணம் தருகிறேன் என்று அவர்கள் இறங்கி வருவதே அந்தக் குப்பிகளுக்காகத்தான். பிரிக்காத குப்பிகளை அட்டைப்பெட்டியோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள். லேபிளின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுங்கள். ஊசியை இன்றே நிறுத்திவிட்டு, அப்பாவை ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ச்சி ஹார்மோன் அதிகமானால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. உடம்பில் நீர் கோக்கும். மணிக்கட்டு நரம்பு அழுந்தி விரல் மரக்கும். நீங்கள் எழுதியதெல்லாம் இதோடு பொருந்துகிறது. அந்த மருத்துவர் எழுதித் தரும் குறிப்பு வழக்குக்கும் வேண்டும்.

சரி, வழக்கை எதன்மேல் நிறுத்துவது? சர்க்கரை ஏறியதை முன்னால் வைத்தால், "அறுபது வயதில் யாருக்குத்தான் சர்க்கரை இல்லை" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இழுத்தடிப்பார். குப்பியை முன்னால் வைத்தால் அவருக்குப் பதில் சொல்வது கஷ்டம். வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கத் தூண்டும் பெப்டைடுகளில் (சிறு புரதத் துண்டுகள்) இவ்வகை கிளினிக்குகளில் பெரும்பாலும் புழங்கும் சிஜேசி-1295, ஐபாமோரெலின் இரண்டுக்கும் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.-வின் அனுமதி இல்லை. அதே வகையைச் சேர்ந்த டெசாமோரெலினுக்கு 2010-ல் அங்கே அனுமதி கிடைத்தது, அதுவும் எச்.ஐ.வி. நோயாளிகளின் வயிற்றுக் கொழுப்பைக் குறைக்க மட்டும். வயதைக் குறைக்க அல்ல. உங்கள் குப்பியில் இந்தியத் தயாரிப்பு உரிம எண்ணோ இறக்குமதி உரிம எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று ஒட்டியதை மனிதருக்குப் போட்டதற்கு அவர்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநருக்கும், உங்கள் பகுதி மருந்து ஆய்வாளருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940-ன் 26-ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் மருந்தைச் சோதிக்கக் கொடுக்கலாம். பலருக்கும் தெரியாத உரிமை இது. பில்லில் 'வெல்னஸ் பேக்கேஜ்' என்று மட்டும் இருந்தால், எந்த நாளில் எவ்வளவு போட வேண்டும் என்று அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை குப்பியையும் கிளினிக்கையும் இணைக்கும். அழித்துவிடாதீர்கள். விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 1945-ஆம் ஆண்டு விதிகளின் 'ஜே' அட்டவணையில் அகால முதுமையும், இளமையை மீட்கும் ஆற்றலும் இருக்கின்றன. முன்னதைத் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ, பின்னதைத் தருவதாகவோ எந்த மருந்துக்கும் உரிமை கோரக் கூடாது என்கிறது விதி 106.

கையெழுத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஆபத்து என்ன, மாற்று வழி என்ன என்று நோயாளிக்குப் போதுமான அளவு சொல்லிப் பெறுவதுதான் செல்லத்தக்க ஒப்புதல் என்று சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "பக்கவிளைவே இல்லை" என்று சொல்லி வாங்கிய கையெழுத்து அந்த அளவுகோலில் தேறுவது கடினம். சிகிச்சைப் பதிவேடுகளின் நகலைக் கேட்டு ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

அப்புறம், பணத்தைத் திருப்பிக் கேட்டும் நஷ்டஈடு கேட்டும் ஒரு வக்கீல் நோட்டீஸ். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கோவைக்கு அலைய வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போட வழி தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக் காலவரம்பு மட்டும் தப்பக் கூடாது. போலீஸ் புகாரில் இப்போது இறங்காதீர்கள். மருத்துவர்மீது குற்ற வழக்கு என்றால், அலட்சியம் மிகக் கடுமையானது என்று காட்ட வேண்டும் என்பது 2005-ல் வந்த ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. அதில் மாட்டினால் பணம் கேட்கும் வழக்கும் சோர்ந்துவிடும்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: ஏமாந்தவருக்கு இதில் எந்த அசிங்கமும் இல்லை. பணம் கொடுத்த நீங்களும் நுகர்வோர், ஊசி போட்டுக்கொண்ட அவரும் நுகர்வோர். இருவர் பெயரிலும் மனு போடலாம். விசாரணை பெரும்பாலும் பிரமாண வாக்குமூலத்திலேயே நடக்கும், கூண்டில் ஏற வேண்டியிருக்காது. அவருடைய வாக்குமூலத்தில், "பக்கவிளைவே இல்லை" என்று சொன்னது யார், எந்த அறையில், யார் முன்னிலையில் என்பதை அவர் வார்த்தையிலேயே எழுதி வாங்குங்கள். ஞாபகம் பசுமையாக இருக்கும்போதே, இந்த வாரமே எழுதிவிடுங்கள்.