777 போடச் சொல்லும் ஹோஸ்டிங்கை வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங் ஒன்றை ஓராண்டுக்கு வாங்கி, தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸை நானே நிறுவினேன். படம் ஏற்றினால் ஃபோல்டரை உருவாக்க முடியவில்லை என்று பிழை வந்தது. உதவி மையத்தில், ஏற்றும் படங்கள் சேரும் அப்லோட்ஸ் ஃபோல்டருக்கு 777 அனுமதி கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன், படம் ஏறிவிட்டது. இப்படியே விடலாமா?

பதில்: விடாதீர்கள், இன்றே மாற்றுங்கள். அந்த மூன்று இலக்கங்களில் முதலாவது கோப்பின் உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது அதே சர்வரில் இருக்கும் மற்ற எல்லாருக்கும். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்தால் 7. ஷேர்டு ஹோஸ்டிங்கில் ‘மற்றவர்’ என்றால் முன்பின் தெரியாதவர்களின் தளங்கள். கணக்குகளைத் தனித்தனியாகப் பிரித்து வைக்காத சர்வரில் அவற்றில் ஒன்று ஹேக் ஆனாலும், அங்கிருந்து உங்கள் அப்லோட்ஸுக்குள் ஒரு பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல் மொழி) கோப்பை எழுதிவிடலாம். பிறகு பிரவுசரில் அதன் முகவரியைத் தட்டினாலே அது ஓடும்.

படம் ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் உரிமையாளர் பெயர்தான். கோப்புகள், அவற்றை ஏற்ற உதவும் உங்கள் எஃப்டிபி கணக்கின் பெயரில் இருக்க, பிஎச்பி மட்டும் ‘அப்பாச்சி’, ‘நோபடி’ போன்ற பொதுப் பெயரில் ஓடினால் அதனால் எழுத முடியாது. பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) அப்டேட் செய்யும்போது எஃப்டிபி பாஸ்வேர்டு கேட்கிறதா? அதுவும் பெரும்பாலும் இதே கோளாறுதான். பேக்கப்பிலிருந்து மீட்கும்போது கோப்புகள் சர்வர் நிர்வாகியான ‘ரூட்’ பெயருக்கு மாறிவிடுவதும் உண்டு. ஷேர்டு ஹோஸ்டிங்கில் உரிமையாளரை நீங்களே மாற்ற முடியாது. உதவி மையத்தில் டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போட்டு இப்படிக் கேளுங்கள்: “கோப்புகள் எல்லாவற்றையும் என் கணக்கின் பெயருக்கு மாற்றுங்கள். பிஎச்பியும் என் கணக்கின் பெயரிலேயே ஓட வேண்டும்.”

அது சரியானதும் ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644. எஃப்டிபி மென்பொருளான ஃபைல்ஜில்லாவில் தளத்தின் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து அனுமதிப் பெட்டியைத் திறந்து 755 இடுங்கள். உள் ஃபோல்டர்களுக்கும் செல்லும்படி டிக் செய்து, ‘ஃபோல்டர்களுக்கு மட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 644 இட்டு, ‘கோப்புகளுக்கு மட்டும்’. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 644 ஃபோல்டர்களுக்கும் போய்விட்டால் தளம் முழுக்க 403 (அனுமதி மறுப்பு) பிழை வரும், ஏனென்றால் ஃபோல்டருக்குள் நுழையவே ‘இயக்க’ என்ற அந்த 1 வேண்டும்.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்புக்கு 600 கொடுங்கள். தளம் திறக்கவில்லை என்றால் 640. அதே வேகத்தில், வெப் சர்வருக்கான கட்டளைகள் இருக்கும் .எச்டிஆக்சஸ் கோப்புக்கும் 600 போட்டுவிடாதீர்கள். அதை வெப் சர்வர் தன் சொந்தப் பெயரில் வந்து படிக்கும், படிக்க முடியாவிட்டால் 403தான். அதற்கு 644 போதும். கான்ஃபிக் கோப்பைத் திருத்தும் முன் எடுத்த நகல் ‘.பேக்’ அல்லது ‘.ஓல்டு’ என்ற பெயரில் அங்கேயே கிடந்தால் உடனே அழியுங்கள். சர்வர் அதைப் பிஎச்பியாக ஓட்டாமல் வெறும் எழுத்தாகவே காட்டிவிடும், பாஸ்வேர்டோடு.

777 இருந்த நாட்களில் யாராவது நுழைந்தார்களா என்றும் பாருங்கள். அப்லோட்ஸில் படங்களும் ஆவணங்களும்தான் இருக்க வேண்டும். சில பிளகின்கள் அங்கே வெறுமையான இண்டெக்ஸ் கோப்பு வைக்கும். வேறு பிஎச்பி கோப்பு எது இருந்தாலும் திறந்து பாருங்கள். சந்தேகம் வந்தால் அட்மின், எஃப்டிபி, டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகள் மூன்றையும் மாற்றி, வேர்ட்பிரஸைப் புதிதாக இறக்கி நிறுவுங்கள்.

கேள்வி: அனுமதிகளைப் ‘பூட்டித் தர’ ஹோஸ்டிங் நிறுவனத்தார் ஆண்டுக் கட்டணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இதற்காக மட்டும் என்றால் வேண்டாம். மேலே சொன்னது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை, ஆண்டுதோறும் செய்ய வேண்டியதும் இல்லை. அனுமதி எண்கள் பக்கத்துக் கணக்குகளிடமிருந்துதான் காக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். பிஎச்பி உங்கள் பெயரில் ஓடும்போது, ஓட்டையுள்ள ஒரு பிளகின் வழியாக வருபவருக்கு உரிமையாளரின் அதிகாரமே கிடைத்துவிடும்; 644 அவரைத் தடுக்காது. பயன்படுத்தாத பிளகின்களை நீக்குங்கள், மற்றவற்றை அப்டேட் செய்யுங்கள், அப்லோட்ஸுக்குள் பிஎச்பி ஓடாதபடி தடை போடுங்கள். அப்பாச்சி என்ற வெப் சர்வரில் .எச்டிஆக்சஸ் மூலம் தடுக்கலாம். என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வர் அதைப் படிக்காது, ஹோஸ்டிங் நிறுவனம்தான் அமைத்துத் தர வேண்டும்.

கேள்வி: அடுத்த முறை வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

பதில்: பிஎச்பி ஒவ்வொரு வாடிக்கையாளரின் பெயரிலும் தனித்தனியாக ஓடுகிறதா, கணக்குகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பிரிக்கப்பட்டுள்ளனவா, எஃப்டிபிக்குப் பாதுகாப்பான மாற்றான எஸ்எஃப்டிபி உண்டா. பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் வேர்ட்பிரஸை நிறுவி ஒரு படம் ஏற்றுங்கள், ஒரு பிளகினை அப்டேட் செய்யுங்கள். இரண்டும் 755, 644 எண்களிலேயே நடக்காமல், டிக்கெட் போட்டும் சரிசெய்து தரவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.