விடியற்காலைச் சீனியும் இரவுத் தூக்கமும்

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 56 வயது. கொழுந்து எடுக்கப் போகிறார். பல வருடமாகச் சீனி வருத்தம்; மெட்போமினும் கிளிக்லசைட்டும் குடிக்கிறார். இரவுச் சாப்பாட்டை நன்றாகக் குறைத்துவிட்டோம், சில நாள் சாப்பிடாமலே படுத்துவிடுவார். அப்படியும் காலையில் பார்த்தால் 190, 210 என்று நிற்கிறது. இரவில் நான்கு தடவையாவது எழும்புகிறார். நாலரைக்கு அடுப்படிக்குப் போய்விடுவார். தூக்கமில்லாததால்தான் சீனி ஏறுகிறதா? தூக்கக் குளிசை வாங்கிக் கொடுக்கலாமா?"

குளிசை வேண்டாம். அதைவிட அவசரமான ஒன்று உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: கிளிக்லசைட் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுப்பதை இன்றிரவே நிறுத்துங்கள். அந்தக் குளிசை, சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றில் நள்ளிரவுக்கு மேல் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ஏதாவது ஒரு நாள் சாப்பிடவே முடியாவிட்டால் அந்த வேளைக்குரிய கிளிக்லசைட்டை என்ன செய்வது என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி முதல் கேள்வி. தூக்கம் குறைந்தால் சீனி ஏறும் என்பது உண்மை. 1999இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோயெதுவும் இல்லாத 11 இளைஞர்களைத் தொடர்ந்து 6 இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே படுக்க விட்டார்கள். அந்த ஆறு நாளிலேயே அவர்களுடைய உடல் சீனியைக் கையாளும் திறன் தெளிவாகச் சரிந்தது. தூக்கம் கெட்டால் கோர்ட்டிசோல் போன்ற சுரப்புகள் ஓய வேண்டிய நேரத்தில் ஓய்வதில்லை. ஈரல் சேமிப்பிலுள்ள சீனியை வெளியே விடுகிறது, தசைகள் இன்சுலினுக்கு இணங்க மறுக்கின்றன. மறுநாள் பசியும் கூடும். மாப்பண்டமும் இனிப்பும்தான் கேட்கும்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. இரத்தச் சீனி ஏறக்குறைய 180ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைப் பிடித்து வைக்க முடியாது. சீனி சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் நாலு தடவை எழும்புவது, தொண்டை வறள்வது எல்லாம். அம்மாவுக்குத் தூக்கம் கெட்டுச் சீனி ஏறுகிறதா, சீனி ஏறித் தூக்கம் கெடுகிறதா என்பதைக் காலையில் எடுக்கும் ஒற்றை எண் சொல்லாது. இரவை அளந்து பார்க்க வேண்டும்.

அதற்கு மூன்று இரவு போதும், அடுத்தடுத்த நாட்களாக இருக்க வேண்டியதில்லை. படுக்கும்போது ஒரு தடவை, மூன்று மணியளவில் ஒரு தடவை, காலையில் எழுந்து எதுவும் சாப்பிட முன் ஒரு தடவை. மொத்தம் 9 ஸ்ட்ரிப். அது செலவாகத் தெரிந்தால், அம்மா எப்படியும் எழும்பும் அந்த மூன்று மணி அளவை மட்டுமாவது எடுங்கள். அதற்காக அவரை எழுப்ப வேண்டிய தேவையும் இல்லை.

குளிரில் அளக்கும்போது இரண்டு தவறு நடக்கும். பெரும்பாலான குளுக்கோமீற்றர்கள் 10 பாகை செல்சியசுக்கு மேல்தான் சரியாக வேலை செய்யும். தை, மாசி இரவுகளில் நுவரெலியாப் பக்கம் அறைக்குள்ளேயே அதற்குக் கீழே இறங்கிவிடலாம். மீற்றரையும் ஸ்ட்ரிப் போத்தலையும் முதலில் கால் மணி நேரம் கம்பளிக்குள் வைத்திருங்கள். மற்றது, விறைத்த விரலைப் பிதுக்கிப் பிதுக்கி இரத்தம் எடுத்தால் அளவு பிசகும். இளஞ்சூட்டு நீரில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, கையைத் தொங்கவிட்டுப் பிறகு குத்துங்கள். கழுவாத விரலில் வாழைப்பழமோ சீனியோ ஒட்டியிருந்தால் இல்லாத 250 காட்டும். உயரமான இடம் என்பதால் மீற்றர் பிழைக்குமோ என்று பயப்பட வேண்டாம். நுவரெலியாவே சுமார் 1,870 மீற்றர்தான். அந்த உயரத்தைப் பொதுவாக இந்தக் கருவிகள் தாங்கும். இங்குள்ள எண்களெல்லாம் mg/dL அலகில். உங்கள் மீற்றர் 10.6 என்பதுபோல் (mmol/L அலகில்) காட்டினால் 18ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 191 வரும்.

எண்களைப் படிப்பது இப்படி. படுக்கும்போதே 250, மூன்று மணிக்கு 225, காலையில் 200 என்றிருந்தால் சிக்கல் இரவுச் சாப்பாட்டிலோ மருந்தின் அளவிலோ இருக்கிறது. படுக்கும்போது 140, மூன்று மணிக்கு 135, காலையில் 195 என்றால் அது விடியற்கால ஏற்றம். மூன்று மணிக்குப் பிறகு உடம்பு எழும்பத் தயாராகும்போது சுரப்புகள் ஈரலிலிருந்து சீனியை வெளியே தள்ளும். நீரிழிவு உள்ளவரின் இன்சுலின் அதை ஈடுகட்டாது. இந்த நிலையில் சாப்பாட்டை இன்னும் குறைப்பதில் பயனில்லை. எந்தக் குளிசையை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று வைத்தியர்தான் பார்க்க வேண்டும். மூன்று மணிக்கு 70க்குக் கீழே வந்தால் அது முற்றிலும் வேறு கதை. சீனி இறங்கியதும் உடம்பு அடித்துப் பிடித்து ஏற்றுவதாலும், பசியில் எழும்பிக் கண்டதைச் சாப்பிடுவதாலும் சிலருக்குக் காலை அளவு உயர்ந்து நிற்கும். நினைக்குமளவுக்கு அது அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் நடக்கிறவருக்கு, காலை எண்ணை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டினால் பெரிய ஆபத்து.

அளக்க முன்பே இதைச் சந்தேகிக்க வழி உண்டு. வெளியே நடுங்கும் குளிர், அம்மாவின் சட்டையோ வியர்த்து நனைந்திருக்கிறது. கெட்ட கனவு, தூக்கத்தில் உளறல், காலையில் தலையிடி. 56 வயதில் மாதவிடாய் நின்ற காலத்துச் சூட்டாலும் வியர்க்கலாம். அதனால்தான் அளக்கச் சொல்கிறோம். 70க்குக் கீழே கண்டால் மூன்று தேக்கரண்டிச் சீனியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் அதே அளவு இன்னொரு தடவை. ஏறிய பிறகு பாதி ரொட்டியோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும், ஏனென்றால் கிளிக்லசைட்டின் வேலை இன்னும் முடிந்திருக்காது, மீண்டும் இறக்கும். விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள், அது இலவசம்.

மூன்று மணிக்கு 130தான், ஆனாலும் எழும்பி எழும்பிப் போகிறார் என்றால் சீனியைக் குற்றம் சொல்ல முடியாது. எரிவு, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போவது இருந்தால் சிறுநீர்த் தொற்று இருக்கலாம். பிரஷருக்கு நீர் போக்கும் குளிசை தந்திருந்தால் அதை எப்போது குடிக்கிறார் என்று பாருங்கள். மாலையில் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். மலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பகலில் நீர் காலில் இறங்கித் தேங்கும், படுத்ததும் இரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக வெளியேறும். மாலையில் கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறதா பாருங்கள். விழுந்தால் வேலையிலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்திருக்கட்டும். அந்த நீர் படுக்க முன்பே போய்விடும். வீக்கத்தை வைத்தியரிடமும் காட்டுங்கள், இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டியிருக்கலாம்.

குறட்டை விடுகிறாரா? இதை யாரும் கிளினிக்கில் சொல்வதில்லை. பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழும்புவது, காலையில் வாய் வறட்சி, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுவது இவையெல்லாம் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயின் அடையாளம். மூச்சு நிற்கும் ஒவ்வொரு தடவையும் உடம்பு அதிர்ந்து சுரப்புகளைக் கொட்டும். சீனியும் பிரஷரும் ஏறும், சிறுநீரும் கூடும். நம்மவர்களில் அவ்வளவு பருமன் இல்லாதவர்களுக்கும் இது வரும். கைத்தொலைபேசியில் அரை மணி நேரம் ஒலிப்பதிவு செய்து வைத்தியரிடம் போட்டுக் காட்டுங்கள். இதற்கு வைத்தியம் செய்தால் பகல் தூக்கமும் பிரஷரும் குறையும். காலைச் சீனி உடனே இறங்கிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம், அதில் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

கால் எரிவும் விறைப்பும் தூக்கத்தைக் கெடுக்கும். அது நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். பல வருடம் மெட்போமின் குடிப்பவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்தும் வரும், இரத்தத்தில் பார்த்துவிடலாம். உணர்ச்சி குறைந்த காலை அடுப்பருகில் நீட்டிக் குளிர்காய விடாதீர்கள், சுடுநீர்ப் போத்தலும் வேண்டாம். வெந்தது தெரியாமலே கொப்பளித்துப் புண்ணாகிவிடும். இறுக்காத கம்பளிக் காலுறை போதும். மூடிய காம்பராவுக்குள் கரி நெருப்பு வைத்துப் படுப்பது வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் உயிராபத்து. அந்தப் புகையில் மணமே இல்லாத நச்சு வாயு இருக்கிறது.

தேயிலைச் சாயம் குடிப்பதை பிற்பகல் மூன்று மணியோடு நிறுத்துங்கள். அதிலுள்ள கபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குத் தடிப்பாகக் குடித்த சாயம் இரவு பதினொரு மணிக்கும் விழித்திருக்கும். வேலை முடிந்து குளிரோடு வருகிறவருக்குச் சூடாக ஏதாவது வேண்டும்தான். இஞ்சியோ கொத்தமல்லியோ அவித்து, சீனி போடாமல் கொடுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் படுக்க முன் அதுவும் கூடாது, நிக்கொட்டின் மூளையை விழிக்க வைக்கும்.

சாப்பாட்டை விடாமல் மாற்றுங்கள். 100 கிராம் கோதுமை மாவில் 75 கிராமளவு மாச்சத்து இருக்கிறது, ஆகவே தேங்காய்ச் சம்பலோடு மூன்று ரொட்டி என்பது இரவுக்கு மிக அதிகம். ஒரு ரொட்டி, கெட்டியாகப் பருப்பு, கைநிறையக் கீரை, முடிந்தால் ஒரு முட்டை. ஏழு மணிக்குள் சாப்பிட்டு, பத்து நிமிடம் இஸ்தோப்பிலேயே மெல்ல நடக்கட்டும். நாலரைக்கு எழும்புகிறவர் ஒன்பது மணிக்குப் படுத்தால்தான் ஏழு மணி நேரமாவது தேறும். அதற்கு இரவுப் பாத்திரத்தையும் மறுநாள் சாப்பாட்டு வேலையையும் வீட்டில் மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். இதைச் சலுகை என்று நினைக்காதீர்கள். குளிசைக்குச் சமமான வைத்தியம்.

தூக்கக் குளிசையை ஏன் மறுத்தோம் என்றால், அது சீனி இறங்கும் அறிகுறியை மறைக்கும், மூச்சுத் தடையை மோசமாக்கும். இருட்டில் லயத்துக்கு வெளியே கழிப்பறைக்குப் போகிறவர் படியில் விழுவார். தூக்கத்துக்காகப் பிரிட்டன் (Piriton) என்ற அலர்ஜிக் குளிசையைப் போடுவதும் இதே வகைதான்.

மூன்று இரவின் எண்களையும், எத்தனை தடவை எழும்பினார், என்ன சாப்பிட்டார், குளிசை எத்தனை மணிக்கு என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். எச்பிஏ1சி பரிசோதனையும் கேளுங்கள். கிளினிக்குக்கு முதல் நாள் இரவு தூங்காமல் போய்க் கொடுத்த இரத்தம் காட்டும் எண்ணைவிட, கடந்த இரண்டு மூன்று மாதத்து நிலையை அது சரியாகக் காட்டும். மூன்று மணி அளவு ஒரு தடவையாவது 70க்குக் கீழே வந்திருந்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மறுநாளே அந்தத் தாளோடு வைத்தியரிடம் போங்கள்.