மருத்துவர் பதில்கள்: கிளினிக்கை விட்டுவிட்டு எம்.டி. படிக்கலாமா?

கேள்வி: பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பு) முடித்து, சொந்தமாக இயற்கை மருத்துவ கிளினிக் நடத்துகிறேன். ஓரளவு நல்ல கூட்டம். இனி எம்.டி. அவசியமா? (வாசகி, ஈரோடு)

பதில்: முடிந்தால் படித்துவிடுங்கள் அம்மா. கூட்டம் வருகிறது என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்; அது வேறு, இது வேறு. எம்.டி.யின் மூன்று வருடங்களில் ஆய்வேடு ஒன்று எழுதியே ஆக வேண்டும். அங்கேதான் நம் பழக்கம் மாறுகிறது. இடுப்புக் குளியல் கொடுக்கிறோம், நோயாளி "தேவலை" என்கிறார், அடுத்தவரைக் கூப்பிடுகிறோம். ஆய்வு என்று வந்தால் தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டர் வைக்க வேண்டும். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், முன்னும் பின்னும் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று குறிக்க வேண்டும். அதே நோய்க்குக் குளியல் எடுக்காதவர்களோடு ஒப்பிட வேண்டும். நம் துறைக்கு இன்று இதுதான் அவசரத் தேவை என்பது என் உறுதியான எண்ணம்.

சென்னை அரும்பாக்கம் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியில் இயற்கை மருத்துவம், யோகா, அக்குபஞ்சர் ஆகியவற்றில் எம்.டி. உண்டு. கர்நாடகத்தில் தர்மஸ்தலா அருகே உஜிரேயில் உள்ள எஸ்.டி.எம். இயற்கை மருத்துவக் கல்லூரியும் நல்ல இடம். உள்நோயாளிகளோடு பழக வாய்ப்பு அதிகமுள்ள கல்லூரியாகப் பாருங்கள். வகுப்பும் வார்டும் முழுநேரம் என்பதால், கிளினிக்கை நம்பகமான ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். ஆறு மாதச் சான்றிதழை 'மேற்படிப்பு' என்று விற்பவர்களிடம் மட்டும் பணம் கட்டாதீர்கள்.