ஆறு சிலிண்டர் சீக்கிரம் தேய்ந்துவிடுமா?

கேள்வி: ஒரே மாடலில் இரண்டு பழைய கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் ஏழு வயது. ஒன்றில் 3 லிட்டர், டர்போ பொருத்திய ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். மற்றதில் 4.4 லிட்டர் எட்டு சிலிண்டர். ஆச்சரியம், எட்டு சிலிண்டர் வண்டிதான் விலை குறைவு. "இவ்வளவு கனமான வண்டியை இழுக்க ஆறு திணறும், சீக்கிரம் தேய்ந்துவிடும். எட்டு அலட்டிக்கொள்ளாமல் ஓடும்" என்கிறார் இடைத்தரகர். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டுவேன், பெரும்பாலும் நகரத்துக்குள். எதை வாங்கலாம்?

பதில்: ஆறை வாங்குங்கள். உங்களுக்குச் சொல்ல இந்த ஒரு வரி போதும். மீதி எல்லாம் அந்த இடைத்தரகருக்காக.

அவர் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். பாதி உண்மையாக இருப்பதால்தான் குழம்புகிறீர்கள். ஒரே சுமையை எட்டுப் பேருக்குப் பதில் ஆறு பேர் தூக்கினால் ஒவ்வொரு தோளிலும் கொஞ்சம் கூடுதலாக விழும். அதுவரை சரி. சுமை எவ்வளவு என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. சமதளச் சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போக ஒரு பெரிய காருக்குச் சுமார் 30 குதிரைத்திறன் போதும். நீங்கள் பார்த்திருக்கும் வகை ஆறு சிலிண்டர் இன்ஜின் 300 வரையோ அதற்கு மேலோ தரக்கூடியது. பத்தில் ஒரு பங்கைக் கேட்டால் அது திணறிவிடும் என்பது, மூட்டை தூக்குகிறவர் கைப்பைக்கு மூச்சு வாங்குவார் என்பது போலத்தான்.

இன்ஜினைத் தேய்ப்பவை வேறு. காலையில் குளிர்ந்த நிலையில் கிளப்பியதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவது, ஆயிலை நாள்கடந்து மாற்றுவது, கூலண்ட் குறைந்தது தெரியாமல் சூடேற விடுவது. இவற்றுக்கு சிலிண்டரை எண்ணிப் பார்க்கத் தெரியாது.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தரகர்கள் அதை எல்லோருக்கும் பொதுவிதியாக மாற்றி விற்கிறார்கள். காருக்குப் பின்னால் இழுவை வண்டி மாட்டி, மலையேறும் வழக்கம் உங்களுக்கு உண்டா? காரும் இழுவையும் சேர்ந்து நான்கு டன் என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தைப் பிடித்து வைக்க ஏறக்குறைய 100 குதிரைத்திறன் தேவைப்படும். ஒரு நொடி, இரண்டு நொடிக்கு இல்லை. ஏற்றம் முடியும்வரை, இருபது நிமிடமானாலும். சின்ன இன்ஜின் இந்த வேலையை டர்போவின், அதாவது கூடுதல் காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் விசிறியின், துணையோடுதான் செய்யும். டர்போவைச் சுழற்றுவது வெளியேறும் புகையின் வேகமும் வெப்பமும். அவ்வளவு நேரம் தொடர்ந்து உழைத்தால் எல்லாமே கொதிக்கும். அந்த வெப்பத்தைத் தணிக்கப் பல இன்ஜின்கள் தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளிக்கின்றன. விளம்பரத்தில் படித்த மைலேஜ் அங்கே ஆவியாகிவிடும். டர்போ இல்லாத பெரிய எட்டு சிலிண்டர் இந்த வேலையைப் பதற்றமில்லாமல் செய்யும். வாரந்தோறும் படகையோ குதிரை ஏற்றிய இழுவை வண்டியையோ இழுப்பவர் எட்டை வாங்கினால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். அதிலும்கூட, டொயோட்டா 2021-ல் லேண்ட் க்ரூஸரின் எட்டு சிலிண்டர்களைக் கைவிட்டு இரட்டை டர்போ பொருத்திய வி6-க்கு (வி வடிவ ஆறு சிலிண்டர்) மாறியபோது 3.5 டன் இழுவை வரம்பைக் குறைக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

நீங்கள் இழுவையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஆகவே அது உங்கள் விதிவிலக்கு இல்லை.

இப்போது, எட்டு ஏன் மலிவாக வருகிறது? விற்பவர் தர்மம் செய்யவில்லை. 4.4 லிட்டர் என்கிறீர்கள். அது இரண்டு டர்போக்களையும், வி வடிவில் சாய்ந்து நிற்கும் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் வைத்த வகையா என்று பாருங்கள். 2008-ல் பி.எம்.டபிள்யூ இந்த அமைப்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. புத்திசாலித்தனமான வடிவம், ஆனால் இன்ஜினின் நடுவிலேயே அடுப்பு எரிவது போல. பக்கத்திலுள்ள ரப்பர் சீல்களும் குழாய்களும் வருடக்கணக்கில் வெந்து இறுகிப்போகும். சிலிண்டருக்குள் ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வு சீல் இறுகினால் இன்ஜின் ஆயிலைக் குடிக்க ஆரம்பிக்கும். சிக்னலில் இரண்டு நிமிடம் நின்று கிளம்பும்போது பின்னால் நீலப் புகை வந்தால் அதுதான். அதைச் சரிசெய்யும் செலவு தெரிந்துதான் முதல் உரிமையாளர் வண்டியைத் தள்ளிவிடுகிறார். நீங்கள் மலிவு என்று நினைப்பது, அவர் செலவழிக்காமல் விட்ட பணம்.

ஆறிலும் இரண்டு வகை இருக்கிறது. ஆறும் ஒரே வரிசையில் நிற்கும் இன்ஜின் தன் அதிர்வைத் தானே சமன் செய்துகொள்ளும். சிலிண்டர்களை மேலே மூடும் சிலிண்டர் ஹெட் ஒன்றே, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டும் ஒன்றே. வி வடிவ ஆறுக்கு இரண்டு ஹெட். அதைக் குறுக்காகப் பொருத்திய கார்களில் பின்வரிசை, பயணிகள் அறைச் சுவரை ஒட்டி ஒளிந்துகொண்டிருக்கும். மூன்று ஸ்பார்க் பிளக் மாற்றவே மேலே உள்ள காற்றுக் குழாய்த் தொகுதியைக் கழற்ற வேண்டிய மாடல்கள் பல உண்டு. கிடைத்தால் நேர்வரிசை ஆறு.

பின்பக்கம் ஒட்டியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். 540i என்ற பெயரில் 1996-ல் வந்த பி.எம்.டபிள்யூவுக்கு 4.4 லிட்டர் எட்டு சிலிண்டர். 2017-ல் அதே பெயரில் வந்ததற்கு 3 லிட்டர் ஆறு. மெர்சிடிஸ் சி63 முதலில் 6.2 லிட்டர் எட்டாக வந்தது. 2022-ல் அறிமுகமான சி63-ல் இருப்பது மின்மோட்டார் துணையோடு ஓடும் 2 லிட்டர் நான்கு சிலிண்டர். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், இன்ஜின் எண்ணை ஒப்பிடுங்கள். சத்தமும் சாட்சி இல்லை. பல கார்களில் அந்த உறுமல் உள்ளே இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்துதான் வருகிறது.

வண்டி பார்க்கப் போகும்போது முதலில் செய்ய வேண்டியது பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பது. நண்பர் ஒருவருக்காக ஒருமுறை காலை ஏழு மணிக்குப் போனேன். "நேற்று மாலைக்குப் பிறகு எடுக்கவே இல்லை சார்" என்றார் தரகர். பானட் வெதுவெதுப்பாக இருந்தது. குளிர்ந்த நிலையில் கிளப்பும்போதுதான் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் கடகடப்பதும் புகை வருவதும் தெரியும். அதை மறைக்க முன்கூட்டியே சூடேற்றி வைத்திருக்கிறார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினேன். பழுதுக் குறியீடு ஒன்றுகூட இல்லை, பளிச்சென்று இருந்தது. அதே கருவியில் இன்னொரு வரி உண்டு: குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம். 9 கி.மீ. என்று காட்டியது. கார் தன்னைத்தானே சோதிக்கும் சுயபரிசோதனைப் பட்டியலில் பாதிக்கு மேல் "முடியவில்லை" என்று நின்றது. குறியீடுகளைச் சற்று முன்புதான் அழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தரகர் அதற்குள் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார்.

இந்த இரண்டு வரிகளையும் கேட்டு வாங்குங்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் யாராக இருந்தாலும் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பார். ஆனால் அந்த மெக்கானிக்கை நீங்கள் அழைத்துப் போக வேண்டும். தரகர் "நம்ம ஆள்தான்" என்று கூட்டிவருபவர் வேண்டாம்.

அடுத்து சர்வீஸ் புத்தகம். முத்திரைகள் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஆயில் மாற்றிய இடைவெளி. எத்தனை முறை சொன்னாலும் இதில் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. 20,000 கி.மீ.க்கு மேல் ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று சில நிறுவனங்கள் எழுதிக் கொடுக்கின்றன. ஏன்? வாங்கும்போது பராமரிப்புச் செலவு குறைவாகத் தெரிய வேண்டும், வாரண்டி முடியும்வரை இன்ஜின் தாங்க வேண்டும், அவ்வளவுதான். ஏழாம் ஆண்டில் வாங்கப்போகிற உங்களைப் பற்றி அந்தக் கணக்கில் யாருக்கும் கவலையில்லை. அதே கையேட்டின் பின்பகுதியில் பொடி எழுத்தில் "கடுமையான பயன்பாடு" என்று ஒரு பிரிவு இருக்கும்: குறுகிய தூரம், நெரிசல், நின்று நின்று ஓட்டுவது. நகரத்தில் ஓடும் வண்டி அத்தனையும் அதில்தான் சேரும். டர்போ ஆறை வாங்கினால் 10,000 கி.மீ. அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அதற்குள் ஆயிலை மாற்றிவிடுங்கள். சர்வீஸ் நிலையத்தில் "தேவையில்லை" என்பார்கள். மாற்றச் சொல்லுங்கள், பில்லை வாங்கி வையுங்கள்.

"பாதி சிலிண்டர் தானே அணைந்துவிடும், எட்டும் ஆறு கொடுக்கும் மைலேஜ் கொடுக்கும்" என்றும் தரகர் சொல்லக்கூடும். இந்த வித்தை 1981-ல் அமெரிக்கக் காரான கேடிலாக்கில் வந்தது. அப்போது அது படுதோல்வி. இன்றைய வடிவம் எவ்வளவோ மேல். ஆனால் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போதுதான் அது பெரிதாகப் பலன் தரும். உங்கள் நகர நெரிசலில் எட்டும் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

இரண்டு வண்டிகளில் ஆறு சிலிண்டரை முதலில் பாருங்கள். காலையிலேயே, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். பானட் சூடாக இருந்தால் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.